உயிருள்ள மருந்தும் ஊசிமுனையும்

மருந்துகளை உயிரற்றவை, உயிருள்ளவை என இருவகையாகப் பகுத்துக் கூறலாம். கொயினாத் தூள் புட்டியிலே அடைபட்டு ஏழு கடல் கடந்து வந்தாலும் கொயினாவே. அதைக் கரண்டியிற் கொடுத்தாலும் கடதாசியில் மடித்துக் கொடுத்தாலும் அதன் குணம் மாறுவதில்லை. உயிருள்ள மருந்தோ அத்தகையதன்று. வழியிலே வெயில் பட்டால் அது வாடும். நாள் கழிந்தால் மடியும். செலுத்தும் கருவி பொருந்தாவிடின் நோயாளியின் உடலுட் புகுமுன்னரே செத்துவிடும். செத்த பின்னும் புட்டியில் அது முன்போலவே தோன்றும் என்பதே இதிலுள்ள இடர். கண்ணாற் பார்த்து உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று வைத்தியராலும் சொல்ல முடியாது.

இக்காலத்து வைத்திய உலகம் குருத்தணு என்னும் உயிர்க்கலத்தை மருந்தாகக் கையாளப் பயின்று வருகின்றது. பனையின் உச்சியிலுள்ள குருத்திலிருந்து ஓலை யாவும் விரிவது போல, உடலிலுள்ள பலவகைக் கலங்களும் எவற்றிலிருந்து தோன்றுகின்றனவோ அவையே குருத்தணுக்கள். நைந்துபோன உறுப்பிலே இவற்றை ஊசியாற் செலுத்தினால் அவ்வுறுப்பு மீளவும் தேறக்கூடும் என்பது ஆய்வாளரின் நம்பிக்கை. ஆயின், ஊசிக்குழலின் ஒடுங்கிய வழியாகச் செல்லும்போது அவ்வுயிர்க்கலங்களுள் எத்தனை பிழைக்கின்றன, எத்தனை மடிகின்றன என்பது இன்று பெருங் கேள்வியாக எழுந்துள்ளது. கேள்வி புதிது போலத் தோன்றினும் அதன் வேர் பழையது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கேள்விக்கு முகங்கொடுத்தனர். அவர்களுக்கு அது தம் பிள்ளைகளின் உயிரைப் பற்றிய கேள்வியாயிருந்தது.

வைசூரி எனப்படும் பெரியம்மை அந்நாளிலே ஊரை வெறுமையாக்கும் நோய். கொப்பளிப்பான், சின்னமுத்து என்பவை வந்து போகும் நோய்கள். பெரியம்மையோ வந்தால் மூவரில் ஒருவரைக் கொண்டுபோகவல்லது. பிழைத்தவர் பலர் கண்ணிழந்தனர். முகத்திலே தழும்பு சுமந்தனர். வங்காள விரிகுடாவின் மேற்குக்கரைத் துறைகளிலிருந்து பாய்க்கப்பலும் தோணியும் ஓயாது வந்துபோகும் பருத்தித்துறையும் ஊர்காவற்றுறையும் வணிகத்தை வரவேற்ற வாயிலினூடாக நோயையும் வரவேற்றன. நோய் வந்த வீட்டிலே வேப்பிலை செருகி, அம்மாள் வருத்தம் என்று அடக்கமாகப் பெயர் சொல்லி, கண்ணகை அம்மனுக்கு நேர்ந்து கொள்வது குடாநாட்டு வழக்கம். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலே பங்குனித் திங்கட்கிழமைகளிற் பொங்கிப் படைக்கும் கூட்டம் இன்றும் குறைந்தபாடில்லை. நோயாளியைத் தனி அறையிற் கிடத்தி, அயலார் புகாமல் வாசலில் வேப்பிலையால் அடையாளம் இட்ட அவ்வழக்கத்தைப் பக்தி என்று மட்டும் சொல்லி விடுதல் போதாது. அதனுள்ளே நோய்த்தடுப்பின் விதையும் இருந்தது.

ஒல்லாந்தர் கையிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. முதலாம் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் 1800ஆம் ஆண்டளவிலே கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிற் பெரியம்மைக்கென வைத்தியசாலைகளை ஏற்படுத்தி, அம்மை குத்தும் முறையைப் பரப்ப முயன்றார். அப்பொழுது குத்தப்பட்டது பசுவின் அம்மை அன்று; பெரியம்மையே. இலேசாக நோயுற்ற ஒருவரின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நலமான பிள்ளையின் தோலைக் கீறி அதிலே இடுவார்கள். மூச்சுவழி புகுந்தால் மூவரில் ஒருவரைக் கொல்லும் அதே நோய், தோல்வழி புகுத்தப்பட்டால் நூற்றில் ஒருவர் இருவரையே கொன்றது. நோய் ஒன்றே, புகும் வாயில் மாறியதால் விளைவு மாறிற்று. செலுத்தும் முறையே மருந்தின் குணத்தை நிர்ணயிக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. ஆயினும் இம்முறையில் இரு தீங்குகள் இருந்தன. குத்தப்பட்ட பிள்ளை சில வேளை இறந்தது. இறவாத பிள்ளையிடமிருந்து அயல்வீட்டுக்கு உண்மையான பெரியம்மை தொற்றியது.

இந்நிலையிலேதான் எட்வேட் ஜென்னரின் புதுமுறை கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. இங்கிலாந்திலே 1796 மே மாதம் 14ஆம் நாள், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவர் குத்தினார். பின்னர் அச்சிறுவனுக்குப் பெரியம்மையைக் குத்தியும் அது பற்றவில்லை. 1798இல் அவர் தம் நூலை வெளியிட்டார். செய்தி விரைவாகக் கிழக்கே வந்தது; மருந்துதான் வரவில்லை. நூலிலே தோய்த்து உலர்த்தி அனுப்பிய அம்மைப்பால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் மாதக்கணக்கான கப்பற் பயணத்திலே, வெப்பக் கடல்களைக் கடக்கும்போது செத்துவிட்டது. புட்டி வந்தது, நூல் வந்தது, எழுதிய குறிப்பு வந்தது, உயிர் வரவில்லை.

வியன்னா நகரிலிருந்த சான் த காரோ என்னும் வைத்தியர் வேறொரு வழி கண்டார். பாலிலே தோய்ந்த நூலை இரு கண்ணாடித் தகடுகளின் இடையே வைத்து, காற்றுப் புகாமல் மெழுகினால் அடைத்து, கடல்வழியை விடுத்துத் தரைவழியாக அனுப்பினார். அது 1802 மார்ச்சு மாத இறுதியில் பக்தாத் நகரை உயிரோடு அடைந்தது. அங்கே பிள்ளைகளுக்குக் குத்தி, அவர்களின் கொப்புளத்திலிருந்து புதுப்பால் எடுத்து, பாஸ்ரா துறைமுகத்திற்கும் அங்கிருந்து கப்பலிற் பம்பாய்க்கும் அனுப்பினர். 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயிலே மூன்று வயதுச் சிறுமியொருத்தியின் கையில் அது பற்றிக்கொண்டது. பற்பல குழந்தைகளுக்குக் குத்தியும் ஒருத்திக்கே பற்றியது என்பர். அதன்பின் இந்தியாவெங்கும் பரவிய அம்மைப்பால் யாவும் அந்த ஒரு சிறு கையின் கொப்புளத்திலிருந்து கிளைத்ததேயாகும். பணிப்பெண் ஒருத்தியின் மகள் அவள். அரசர்களின் பிறந்த நாள்களைப் பாடமாக்கும் மாணவர் இவளின் நாளையும் அறிந்திருப்பின் தவறில்லை.

அவ்வாண்டிலேயே அது இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் படை வைத்தியராய் வந்து, பின்னர் இத்தீவின் வைத்தியப் பகுதிக்குத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி. பெரியம்மை இலங்கையிற் செய்த அழிவையும் அம்மைப்பாலின் வரவையும் பற்றி 1811இல் அவர் நூலொன்று வெளியிட்டார். முதற் பத்தாண்டு முடியுமுன்னரே இலங்கையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பால் குத்திக்கொண்டனர். அக்காலத்து வழிகளையும் வண்டிகளையும் நினைத்துப் பார்ப்பவர்க்கு இத்தொகை வியப்பே தரும்.

குளிரூட்டியும் பனிக்கட்டியும் இல்லாத நாளிலே, பங்குனி சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும் இக்குடாநாட்டில், உயிருள்ள மருந்தை எப்படி உயிரோடு வைத்திருந்தனர்? மனிதப் பிள்ளையின் கையே அதற்குக் களஞ்சியமாயிற்று. ஒரு பிள்ளைக்குக் குத்திய ஏழாம் எட்டாம் நாளிற் கொப்புளம் முற்றித் தெளிந்த நீர் கொள்ளும். அந்நாளிலே அதைக் கீறி, பக்கத்தில் இருக்கும் வேறு பிள்ளையின் கைக்கு நேரே மாற்ற வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் நீர் கலங்கிப் பயனற்றதாகும். அடுத்த பிள்ளைக்குப் பற்றினாற் சங்கிலி தொடரும். பற்றாவிட்டால், அல்லது அடுத்த பிள்ளை வராவிட்டால், சங்கிலி அறுந்துபோகும். அறுந்தால் மீளவும் வேறிடத்திலிருந்து பால் வருவிக்க வேண்டும். நெடுந்தீவு போன்ற தீவுகளுக்குப் பாலைக் கொண்டுசெல்ல விரும்புவோர் புட்டியைக் கொண்டுசெல்வதிலும் பார்க்கக் குத்தப்பட்ட பிள்ளையைத் தோணியேற்றிக் கொண்டுசெல்வதே உறுதியான வழியென்று அறிந்திருப்பர்.

உலகெங்கும் இதுவே முறையாயிருந்தது. 1803இல் இசுப்பானிய அரசர் பல்மிஸ் என்னும் வைத்தியரின் தலைமையில் அமெரிக்க நாடுகளுக்கு அம்மைப்பால் அனுப்பியபோது, அநாதைச் சிறுவர் 22 பேரைக் கப்பலில் ஏற்றி, இருவர் இருவராகக் குத்திக்கொண்டே அத்திலாந்திக் கடலைக் கடந்தனர். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கும் அவ்வாறே சிறுவரின் கைவழியாகப் பால் சென்றது. இப்பிள்ளைகளிடம் எவரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இலட்சம் உயிர்களைக் காத்த செயல் என்பதில் ஐயமில்லை. ஏழைப் பிள்ளையின் கை பாத்திரமாக்கப்பட்டது என்பதிலும் ஐயமில்லை. வரலாறு எழுதுவோர் முன்னையதை விரித்து எழுதிப் பின்னையதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர்.

பெற்றோர் இம்முறையை விரும்பவில்லை. குத்துவதற்குக்கூட இணங்கிய தாய், எட்டாம் நாளிற் பிள்ளையைக் கொண்டுவந்து அதன் கொப்புளத்தைக் கீற விட மறுத்தாள். பிள்ளையின் உடற்சத்து மற்றொரு பிள்ளைக்குப் போய்விடும் என்று அஞ்சினாள். யாருடைய பிள்ளையின் நீர் யாருடைய பிள்ளைக்குச் செல்வது என்னும் சாதிக் கணக்கும் அதனுள் மறைந்திருந்தது. ஆங்கில உத்தியோகத்தர் இவற்றையெல்லாம் அறியாமை, மூடநம்பிக்கை என எழுதி முடித்தனர். ஆனால், அஞ்சுவதற்கு நியாயம் இருந்தது என்பதைப் பிற்காலம் நிரூபித்தது. 1861இல் இத்தாலி நாட்டு ரிவால்தா என்னும் ஊரில், மறைந்த மேகநோய் கொண்டிருந்த ஒரு பிள்ளையின் கையிலிருந்து பால் எடுத்துக் குத்தியதால் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்நோய்க்கு ஆளாயினர். தாய்மாரின் அச்சத்துக்கு வைத்திய நூல்கள் அதன் பின்னரே மதிப்பளித்தன.

மக்களின் நம்பிக்கையைக் குலைத்த காரணம் வேறொன்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. செத்த பாலைக் குத்தினாலும் கையிலே புண் உண்டாகும், சீழ் வைக்கும், ஆறித் தழும்பாகும். தழும்பைக் கண்ட பெற்றோர் பிள்ளை காக்கப்பட்டது என்று நம்புவர். ஆண்டு இரண்டு கழித்துப் பெரியம்மை வரும்போது அப்பிள்ளையும் மடியும். போலி அம்மை என்று ஜென்னரே தம் நூல்களில் இதை எச்சரித்திருந்தார். ஓர் ஊரில் இவ்வாறு இரு பிள்ளைகள் இறந்தாற் போதும். அடுத்த முறை பால் குத்துவோர் ஊருக்குள் வரும்போது வீட்டுக் கதவுகள் அடைபடும். வைத்தியத்தில் மக்கள் நம்பிக்கை இழந்ததற்கு வேப்பிலையும் பொங்கலும் காரணமென்று சொல்வதிலும் பார்க்க, வெயிலில் வாடிய பாலே காரணமென்று சொல்வது பொருந்தும்.

மக்களை இணக்குவதற்குச் சிலர் விசித்திரமான வழியையும் தேடினர். திராவிட மொழிகள் ஒரு குடும்பம் என்று 1816லேயே எடுத்துக்காட்டிய சென்னை எல்லிஸ் துரையைத் தமிழர் நன்கறிவர். பசு அம்மையின் பெருமையைத் தெய்வக் கதையாகத் தமிழில் எழுதியவரும் அவரே. பசுவின் உடலில் தோன்றியது ஆகையால் அது தெய்வ அருள் என்று காட்டுவது அவர் நோக்கம். நோக்கம் நல்லதே. எனினும் பழைய நூலிலே உள்ளதென்று புதிய சுலோகங்களை அக்காலத்திற் சிலர் பரப்பினர். அவை புனைந்தவை என்று பிற்கால அறிஞர் தெளிந்தனர். உண்மையைப் பரப்புதற்குப் பொய்யைத் துணைக்கழைப்பது எந்த நாளிலும் நிலைத்ததில்லை.

உண்மையை உள்ளபடி தமிழிலே சொல்லலாம் என்று காட்டியவர் பின்னால் வந்தார். அமெரிக்க மிசன் வைத்தியராகிய யோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வந்து, மறு ஆண்டிற் பண்டத்தரிப்பிலே வைத்தியப் பணியைத் தொடங்கினார். அவருக்கும் பின்வந்த வார்டு என்பவருக்கும் அடுத்து, 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தார். வட்டுக்கோட்டையில் தமிழ் பயின்று மானிப்பாயில் நிலைகொண்ட கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழரின் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் சம்பளம் தேடி ஊரைவிட்டுச் செல்வர்; தமிழில் கற்றவர் ஊரிலே தங்குவர் என்பது அவர் கணிப்பு. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றினார். அங்காதிபாதம் 1852இலும், இரணவைத்தியம் 1867இலும், வைத்தியாகரம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. இவ்வளவு விரிந்த வைத்திய நூல் வரிசையை அந்நாளில் வேறெந்த இந்திய மொழியிலும் காண்பது அரிதாயிருக்கும். கலைச்சொல் ஒன்றைத் தேர்வதற்கு அவரும் அவர் மாணவரும் வடமொழி நூல்களையும் நாட்டு வைத்தியர் வழக்கையும் ஒருசேர ஆராய்ந்தனர். யாழ்ப்பாண நகரிலே அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850இல் எழுந்த தருமாஸ்பத்திரியும் கிறீனின் கண்காணிப்பிலே வளர்ந்தது.

கிறீன் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே மேனாட்டில் ஊசிக்குழல் பிறந்தது. 1853இல் எடின்பரோவில் அலெக்சாந்தர் வூட் என்பவரும், பிரான்சு நாட்டு லியோன் நகரிற் பிரவாஸ் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமல், உள்ளே துளையுள்ள ஊசியையும் அழுத்துதண்டுடைய குழலையும் இணைத்தனர். முதலில் அபின் சத்தைத் தோலின் கீழ்ச் செலுத்தவே அது பயன்பட்டது. அபினுக்கு உயிர் இல்லை. ஆகையால் எவ்வளவு ஒடுங்கிய துளை, எவ்வளவு வேகம் என்ற கேள்வி அன்று எழவில்லை. அக்கேள்வி எழுவதற்கு மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

1886இல் இலங்கையில் அம்மைப்பால் கட்டளைச் சட்டம் நிறைவேறிப் பிள்ளைகளுக்குப் பால் குத்துதல் கட்டாயமாயிற்று. கையிலிருந்து கைக்கு மாற்றும் முறை மெல்ல மறைந்து, பசுக்கன்றின் வயிற்றுத் தோலிலே பாலை வளர்த்தெடுக்கும் முறை வந்தது. பிள்ளைகள் பாத்திரமாவது அதனோடு நின்றது. வெயிலின் கொடுமை நிற்கவில்லை. சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாயிருந்த கிங் என்பவர் 1890ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆட்டு உரோமத்தின் கொழுப்பாகிய லனோலினோடு பாலைக் குழைத்து, வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கச் செய்தார். கிளிசரினோடு கலக்கும் முறையும் அதே காலத்தில் இங்கிலாந்திலே வளர்ந்தது. அது அழுக்குக் கிருமிகளைக் கொன்று அம்மைக் கிருமியை விட்டுவைத்தது. கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையம் இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரைக் கப்பலேற்றுமுன் மண்டபம் முகாமிலே மறித்துவைத்துப் பால் குத்தியதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. வெள்ளைக்காரப் பயணியை மறிக்காத அந்த வாயில் கூலிகளை மட்டும் மறித்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

குத்தும் கருவியும் மாறிக்கொண்டே வந்தது. கத்திமுனையாற் கீறினர், பின்னர், சில்லுப்போன்ற முனையைத் தோலில் அழுத்திச் சுழற்றினர். இந்தியாவிற் பெருவழக்காயிருந்த இச்சுழல்முனை வேண்டாத அளவு தோலைக் கிழித்தது; புண் பெருத்தது; சிலருக்குக் காய்ச்சலும் வீக்கமும் கண்டன. வயது முதிர்ந்தோரின் மேற்கையில் ரூபாக் காசளவில் இரண்டும் நாலுமாகக் காணப்படும் தழும்புகளில் மருந்தின் சின்னம் பாதி, கருவியின் சின்னம் பாதி.

வெப்பத்தை வென்றவர் லெஸ்லி கோலியர். இலண்டன் லிஸ்டர் நிலையத்திலே 1950களின் தொடக்கத்தில் அவர் பாலைப் பெப்ரோன் என்னும் புரதப்பொருளுடன் கலந்து, உறையச்செய்து, உறைந்தபடியே நீரை ஆவியாக்கி உலர்த்தினார். இவ்வாறு உலர்ந்த பால் 37 பாகை வெப்பத்திலும் அதற்கு மேலும் பல மாதம் உயிரோடிருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும்போது செத்த அந்த நூலுக்கு, நூற்றைம்பது ஆண்டு கழித்து மறுமொழி கிடைத்தது.

எஞ்சியது ஊசிமுனை. 1960களில் அமெரிக்காவின் வையெத் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ரூபின் ஒரு சிறு கருவியைச் செய்தார். தையல் ஊசியின் காதை அறுத்துவிட்டாற்போல முனையில் இரு பற்கள். அவற்றின் நடுவே ஒரு துளி தங்கும் இடம். கரைத்த பாலிலே தோய்த்தாற் போதிய துளி தானே ஒட்டிக்கொள்ளும். கையிலே செங்குத்தாகப் பிடித்து, ஒரே இடத்தில் விரைவாகப் பதினைந்து முறை குத்த வேண்டும். துளைக்குள் மருந்து தேங்குவதில்லை, அழுத்துதண்டு இல்லை, பழுதாவதற்கு எதுவும் இல்லை. முன்னைய முறைக்கு வேண்டிய பாலில் நாலிலொரு பங்கு போதுமானதாயிற்று. எழுத்தறியாத ஊழியரும் அரைமணி நேரத்திற் பயின்றுகொள்ளலாம். கொதிநீரில் அவித்து மீண்டும் மீண்டும் கையாளலாம். இதே காலத்தில் ஊசியே இன்றிக் காற்றழுத்தத்தால் மருந்தைத் தோலுட் பாய்ச்சும் துப்பாக்கி போன்ற பெருங்கருவி ஒன்றும் வந்தது. பெருங்கூட்டத்துக்கு அது உதவியது. ஆனால் வீடு வீடாகச் செல்ல வேண்டிய கிராமத்திலே அதன் விலையும் பழுதும் அதைப் பின்தள்ளின. காசுக்கும் குறைந்த விலையுள்ள கவர்முனை ஊசியே வென்றது. இந்தியாவில் 1975 மே மாதத்தோடு பெரியம்மை மறைந்தது. 1980 மே 8ஆம் நாள், உலகிலே அது இல்லையென்று உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை பறைசாற்றியது.

பெரியம்மை போயிற்று, உயிருள்ள மருந்துகள் போகவில்லை. சயரோகத்துக்கு எதிரான பி.சி.ஜி. ஊசி இலங்கையில் 1949இல் தொடங்கியது. அது உயிருள்ள கிருமி. ஒளி பட்டாலும் மடியும். அதைத் தோலின் மேற்படையினுள்ளேயே மெல்லச் செலுத்த வேண்டும். கை தவறி ஆழத்திற் சென்றாற் சீழ்க்கட்டி உண்டாகும். பிறந்த குழந்தையின் தோலிலே மயிரிழை ஆழத்தை அறிந்து ஊசியை நிறுத்தும் தாதியின் கைத்திறன் எந்த நூலிலும் எழுதப்படாத கல்வி.

இளம்பிள்ளைவாதத்துக்குரிய சொட்டுமருந்தும் உயிருள்ளதே. போர்க்காலத்தில், 1990ஆம் ஆண்டின் பின், குடாநாடு தேசிய மின்விநியோகத்திலிருந்து துண்டுபட்டுக் கிடந்தது. குளிர் குறையாமற் காக்கவேண்டிய மருந்தை மின்சாரமில்லாத நிலத்திற் காப்பது எவ்வளவு பாடு என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர் அறிவர். 1990களின் நடுப்பகுதி தொடங்கி, தேசிய சொட்டுமருந்து நாள்களில் இரு தரப்பும் துப்பாக்கியை ஓய்வில் வைத்தன. எட்டு இலட்சம் பேச்சு வார்த்தைகளால் ஆகாத ஓய்வு குழந்தைகளின் வாயிற் படும் இரு சொட்டுக்காக வந்தது. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு சதுரம் வெப்பம் பட்டால் நிறம் கறுக்கும் ஏற்பாடு 1996இல் இச்சொட்டு மருந்துக்கு வந்தது. உயிருள்ளதா, செத்ததா என்று கண்ணாலேயே காண்பதற்கு அன்றுதான் ஒரு வழி கிடைத்தது. கிறிஸ்ரியின் காலத்திலே அத்தகைய சதுரம் ஒன்று இருந்திருப்பின் எத்தனை தாய்மாரின் கதவுகள் திறந்திருக்கும்!

பண்டத்தரிப்பிலே தொடங்கிய கதை இனி வேலூருக்குச் செல்கின்றது. யோன் ஸ்கடர் 1836இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னை சென்றார். அவரின் மகனும் வைத்தியராய் அதே பணியைத் தொடர்ந்தார். அம்மகனின் மகளே 1900ஆம் ஆண்டளவில் வேலூர் வைத்தியசாலையை உண்டாக்கிய ஐடா ஸ்கடர். அவ்வைத்தியசாலை 1986இல் என்புமச்சை மாற்றும் சிகிச்சையைத் தொடங்கியது. என்பின் உள்ளிருக்கும் மச்சையிலே குருதியைப் பிறப்பிக்கும் குருத்தணுக்கள் உள்ளன. அவற்றை நலமுள்ள உடன்பிறப்பிடமிருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றுவதே அச்சிகிச்சை. அமெரிக்காவில் டொனல் தோமஸ் 1957இல் இதன் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது நோயாளர் பிழைக்கவில்லை. 1990இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. குருத்தணுக்களை என்புக்குள் குத்த வேண்டியதில்லை. சாதாரண நாளத்தினூடாக, குருதி ஏற்றுவதுபோல, ஏற்றினாற் போதும். அவை தாமே வழி தேடி என்பினுட் சென்று குடியேறுகின்றன. பழக்கப்பட்ட மாடு பட்டிக்குத் தானே திரும்புவது போலத்தான்.

எல்லாக் குருத்தணுக்களும் இவ்வளவு சமர்த்தானவை அல்ல. இதயத்துக்கும் மூளைக்கும் மூட்டுக்கும் என்று ஆய்வாளர் கையாளும் வேறு வகைகளை நாளத்தில் ஏற்றினாற் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிற் சிக்கிவிடுகின்றது. ஆகவே நோயுற்ற இடத்துக்கே ஊசியாற் செலுத்த வேண்டியிருக்கின்றது. அகன்ற குழலிலிருந்து திடீரென ஒடுங்கிய ஊசித்துளைக்குள் நீர்மம் நுழையும் வாயிலிலே அதன் வேகம் சட்டென்று ஏறுகின்றது. முன்பாதி வேகமாகவும் பின்பாதி மெதுவாகவும் இழுபடும் கலம் நீண்டு கிழிகின்றது. குழலின் சுவரோடு உரசுவதிலும் பார்க்க இவ்விழுப்பே கூடிய தீங்கு செய்கின்றதென்று 2012இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கண்டனர். பரிகாரமாக, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்சினேற்று என்னும் பொருளால் மெல்லிய கூழ் செய்து அதனுட் கலங்களைப் பொதிந்து செலுத்தினர். கூழ் சுவரருகே வழுகிக்கொடுக்க, நடுவிலுள்ள கலங்கள் கிழியாமல் ஒன்றாகச் செல்கின்றன.

அப்படியாயின் மிக மெதுவாகச் செலுத்தினால் நலமாகுமே என்று தோன்றலாம். அதுவும் சரியன்று. மெதுவாக அழுத்தினாற் கலங்கள் குழலின் அடியிற் படிகின்றன, சுவரில் ஒட்டுகின்றன, நோயாளிக்குச் சேர வேண்டிய அளவு சேராமற் போகின்றது. விரைந்தாற் கிழியும், தாமதித்தாற் படியும். ஊசித்துளையின் விட்டம், நீளம், குழலின் அளவு, கலங்கள் எவ்வளவு நெருக்கமாய் மிதக்கின்றன, எவ்வளவு நேரம் குழலிற் காத்திருந்தன என்பவை யாவும் கணக்கில் வருகின்றன. ஊசியைக் கடந்தபோது உயிரோடிருந்தவற்றுள்ளும் பல அடுத்த ஓரிரு நாளில் மடிவதால், சென்றவுடன் எண்ணிப் பார்த்து மகிழ்வதற்கும் இடமில்லை. குருத்தணு என்ற பெயரைச் சொல்லி எந்நோய்க்கும் ஊசி போடும் தனியார் நிலையங்கள் பல நாடுகளிற் பெருகியுள்ள இந்நாளில், குழலுள் இருப்பவற்றுள் எத்தனை உயிரோடு உடலுட் சென்றன என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. பெரும்பாலான நோய்களுக்கு இச்சிகிச்சை இன்னும் பரிசோதனை நிலையிலேயே உள்ளது.

என்புமச்சைக் குருத்தணுக்களைச் சேமித்து வைப்பவர் திரவ நைதரசனின் குளிரில், பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையளவில், அவற்றை உறைய வைக்கின்றனர். வேண்டிய நாளில் அந்தப் பையை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து, 37 பாகைச் சூடுள்ள நீரில் அமிழ்த்தி உருக்குகின்றனர். உறையும்போது காத்த மருந்துப்பொருளே உருகிய பின் கலங்களுக்கு நஞ்சாகும் ஆகையால், உருகியதும் தாமதியாது நாளத்தில் ஏற்றத் தொடங்குவர். தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அடியிற் படியாதபடி பையை மெல்லப் புரட்டிக்கொண்டிருப்பாள்.